செதுக்கிய புல்லும் விரித்த புல்லும்

எங்கள் ஊரில் வாசலில் புல் மண்டிக் கிடந்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். இப்போது நான் குடியிருக்கும் சென்னைப் புறநகரில் புல் காய்ந்து கிடந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். நடுவில் மாறியது புல் அல்ல.

மாயவரத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தை அறுப்பு முடிந்ததும் அப்பாயி ஆள் விட்டனுப்புவார். மண்வெட்டியோடு வருகிறவரிடம், "ஏம்ப்பா, பொட்டுப் புல் இருக்கப்படாது. புள்ளைங்க ஓடியாடுற எடம், பூச்சி பொட்டு கெடக்கும்" என்பார். பூச்சி என்றால் பாம்பு. பொழுது சாய்வதற்குள் வாசல் முடியிறக்கிய தலையாகிவிடும். செதுக்கிய அருகு மாட்டுக்குப் போகும், மாடு கழித்தது எருக்குழிக்குப் போகும். சித்திரை வெயிலில் அந்த வாசல் கண்ட தண்ணீர், விடியற்காலையில் சாணம் கரைத்துத் தெளித்தது மட்டும்தான். அப்படியும் ஐப்பசி மழைக்கு அருகு திரும்பி வந்துவிடும். தையில் மறுபடியும் கூலி.

இன்று என் வீட்டு முன்னால் 300 சதுர அடிப் புல்தரை. நர்சரிக்காரர் கொரியன் புல்லைச் சதுர அடிக் கணக்கில் விலை பேசி, பாய் பாயாகக் கொண்டுவந்து விரித்தார். "ரெண்டு வேளையும் தண்ணி காட்டிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாயி தண்ணி காட்டியதெல்லாம் புல்லைத் தின்ற மாட்டுக்கு.

கோடையில் புல்தரைக்கு வாரம் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. 300 சதுர அடிக்கு அது சுமார் 700 லிட்டர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். குடத்தோடு நின்றவர்கள் எதிரே புல்லுக்கு ஹோஸ் பிடிக்க அந்த வருஷம் எங்கள் தெருவில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அடுத்த வருஷமே வந்துவிட்டது.

புல்லை வெயிலில் காப்பாற்றும் வழிகளை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தினம் இரண்டு வேளை மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே சொகுசாகத் தங்கிவிடும். வெயில் முதலில் சுடுவதும் அந்த மேல்மண்ணைத்தான். வாரத்தில் இரண்டே நாள், விடிகிற நேரத்தில், நாலைந்து அங்குலம் ஈரம் இறங்குமாறு ஊற்றினால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். ஒரு ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்த்தால், ஈரம் எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. நீண்ட இலை தன் காலடி மண்ணுக்குத் தானே நிழல் தரும். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விட்டால் மக்கி உரமாகும். கத்திரி வெயில் முடியும்வரை யூரியா பக்கமே போகக் கூடாது. ஆர்.ஓ. மிஷின் கழிக்கும் தண்ணீரைச் சிக்கனம் என்று தொடர்ந்து ஊற்றினால் உப்பு மண்ணில் தங்கிவிடும். பழுத்த புல்லெல்லாம் செத்த புல் அல்ல. விலக்கிப் பார்த்து, அடித்தண்டு வெளுப்பும் பச்சையுமாக இருந்தால் மழைக்குத் துளிர்க்கும்.

சுருக்கமாகச் சொன்னால், அடிக்கடி ஊற்றாதே, ஒட்ட வெட்டாதே, உரம் போடாதே, பொறுத்திரு. வாரத்துக்கு இரண்டு நனைப்பு நீங்கலாக, அப்பாயி கூலியாளைக் கூப்பிடாமல் இருந்திருந்தால் எங்கள் வாசலில் இத்தனையும் தானாக நடந்திருக்கும்.

கத்திரி முற்றியதும் கொரியன் புல் திட்டுத் திட்டாகப் பழுத்தது. நடுவில் ஓரிடம் மட்டும் பச்சென்று இருந்தது. குனிந்து பார்த்தால், அருகு. மண்ணுக்கு மேலே ஒரு தண்டு, அடியில் ஒரு தண்டு என்று இரண்டு வழியாகவும் ஓடுகிற புல். ஒரு கணு மிஞ்சினாலும் பிழைத்துக்கொள்ளும். நான் சந்தோஷப்படுவதற்குள் தோட்டக்காரர் உட்கார்ந்துவிட்டார். "களை சார் இது. விட்டா மொத்தத் தரையையும் புடிச்சிக்கும்." மொத்தத் தரையும் பச்சையாக இருக்கவேண்டும் என்றுதானே அவருக்குக் கூலி கொடுக்கிறேன் என்று கேட்கத் தோன்றியது. ஆனால் விரித்த புல்லுக்குக் கொடுத்த விலை நினைவுக்கு வந்தது.

கல்யாணத்தில் அருகுபோல் வேரோடி வாழச் சொல்லி வாழ்த்துகிறோம். காலை நடைக்குப் போகிற பூங்கா வாசலில் அருகம்புல் சாறு விற்கிறார்கள். முந்தின நாள் அதைப் பிடுங்கச் சொன்னவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில், இந்த அருகின் இனமும் இன்னொரு புல்லும் தானாகக் கலந்து பிறந்த கலப்பினத்தைத் தேர்ந்தெடுத்து, 1960-ல் வெளியிட்ட டிஃப்வே 419 பெரிய பெரிய விளையாட்டு மைதானங்களை மூடிக் கிடக்கிறது. அங்கே அதற்குப் பெயர் களை அல்ல.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. தோட்டக்காரர் வேலையில் சுத்தம். வீட்டில் ஒரு கணுகூட மிஞ்சவில்லை. சந்தையில் ஒரு கைப்பிடி அருகுக்கு விற்கிற அம்மா சொன்ன விலையைக் கேட்டு முகம் சுளித்தேன். "வீட்டு முன்னால நாலடி மண்ணு இருந்தா அதுவா வந்துடும் சார். இல்லாதவங்கதான் வாங்குறாங்க" என்றார்.

என்னிடம் 300 சதுர அடி இருப்பதைச் சொல்லாமல் காசைக் கொடுத்தேன்.