புது வெள்ளம் தண்ணீர்க் கணக்கில் வருமா?

எங்கள் கிளை நூலகத்தில் காலையில் இடம் பிடிக்க முந்த வேண்டியது செய்தித்தாள் மேசைக்கு மட்டும்தான். ஒரே நாளிதழை நான்கு பெரியவர்கள் தாள் தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கையிலிருப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். புத்தக அடுக்குப் பக்கம் யாராவது போனால், அந்தப் பக்கத்து மின்விசிறி கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறது என்று அர்த்தம்.

மாற்றலாகி வந்த புது நூலகர் மேடத்துக்கு இது பொறுக்கவில்லை. வாசலில் கரும்பலகை ஒன்றை மாட்டினார். மாதம் ஒரு பொருள். அதில் ஐந்து நூல்களை வாசித்து, வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேசினால் பெயர் பலகையில் ஏறும். பரிசெல்லாம் கிடையாது. தேவையும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் பெயர் பலகையில் இருந்து நம் பெயர் இல்லாமல் போனால் போதாதா, ஒரு மனிதன் இலக்கியத்துக்குள் குதிக்க?

முதல் மாதம் ‘தண்ணீர்’. மேடம் போட்ட பட்டியல் நல்ல பட்டியல். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’, சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியோடு பயணம் போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’, வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. ஆனால் நம் உறுப்பினர்கள் பட்டியலைப் பார்ப்பவர்கள் இல்லை, அட்டையைப் பார்ப்பவர்கள். ஒருவர் லா.ச.ராமாமிர்தத்தின் ‘பாற்கடல்’ நூலை எடுத்து வந்து மேசையில் வைத்தார். “சார், இது அவரோட வாழ்க்கை வரலாறு” என்றார் மேடம். “இருக்கட்டும்மா. கடல் இருக்குல்ல? பாலும் தண்ணிக் கணக்குதானே?” எங்கள் தெருவில் பால் வாங்கும் யாராலும் இந்த வாதத்தை மறுக்க முடியாது. முத்திரை விழுந்தது.

அடுத்து ‘விலங்குகள்’. இந்த மாதத்தில்தான் ‘வாடிவாசல்’ நூலுக்கு அடிதடி. சி.சு. செல்லப்பா எழுதிய ஜல்லிக்கட்டு நாவல், அருமையான எழுத்து; ஆனால் அடிதடிக்குக் காரணம் அது ஒல்லியாக இருப்பதுதான். குண்டுப் புத்தகம் எடுத்தவர்கள், குறைந்தபட்சப் பக்க எண்ணிக்கை வைக்கச் சொல்லிப் போராடினார்கள். பக்கத்தை எண்ணினால் ‘வாடிவாசல்’ தோற்கும், தொலைபேசி டைரக்டரி ஜெயிக்கும். மேடம் அசையவில்லை.

கால்நடைத் துறையில் ஓய்வுபெற்ற ஒருவர், தொழில் பாசத்தில், தி. ஜானகிராமனின் ‘மரப்பசு’வை எடுத்துப் போனார். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதித் தாளில் முந்தைய முத்திரை 2011ஆம் ஆண்டுடையது. மை வெளிறி, எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் படிக்க முடிந்தது. அதன் கீழே பளிச்சென்று ஊதா நிறத்தில் அவருடைய தேதி விழுந்தது. நான்கு நாள் கழித்து வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒரு பசுகூட இல்லீங்களே?” என்றார். மேடம் புத்தகத்தை வாங்கக் கை நீட்டினார். அவர் தரவில்லை. “இல்லல்ல, இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. அந்த அம்மணி என்னதான் ஆகிறான்னு பாத்துடறேன்.”

எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்குப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் மாடு தேடி வருவார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. விமர்சகர்கள் போடும் ‘வாசித்தே ஆக வேண்டிய நூறு’ பட்டியல்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றால் நகராத புத்தகத்தை ஒரு தப்பான தலைப்பு நகர்த்திவிடுகிறது.

‘துப்பறியும் கதை’ மாதத்தில் அசோகமித்திரனின் ‘ஒற்றன்’ வெளியே போனதும் இந்த வழியில்தான். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் முகாமுக்கு அவர் போய்வந்த அனுபவத்தில் விளைந்த நாவல். எடுத்தவர் ராஜேஷ்குமாரில் ஊறியவர். முதல் பிணம் எப்போது விழும் என்று கடைசிப் பக்கம்வரை காத்திருந்திருக்கிறார். கூட்டத்தில் எழுந்து, “யார் ஒற்றன்னு கடைசிவரைக்கும் சொல்லலை. எனக்கென்னவோ அந்த எத்தியோப்பியாக்காரர் மேலதான் சந்தேகம்” என்றார். நான் கேட்ட இலக்கிய விமர்சனங்களில் இவ்வளவு கவனமாக வாசித்து வந்தது குறைவு.

உண்மையான சட்டச் சிக்கலைக் கொண்டுவந்தது ‘பொன்னியின் செல்வன்’. அது ஒரு நூலா, ஐந்து நூலா? எங்கள் வட்டத்தின் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், “வீட்டு வரியில ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டறேன், அந்த உரிமையில கேக்கறேன்” என்று தொடங்கினார். அவர் வாதம் இது: முதல் பாகம் ‘புது வெள்ளம்’, எனவே அது தண்ணீர் மாதத்துக்குரியது. இரண்டாவது ‘சுழற்காற்று’, அது வானிலை. மூன்றாவது ‘கொலை வாள்’, அது துப்பறியும் மாதம். ‘மணிமகுடம்’ நகை, பொருளாதாரம். ‘தியாக சிகரம்’ ஆகஸ்டில் சுதந்திரப் போராட்டத்தோடு போகும், இல்லாவிட்டால் மலையேற்றம். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய கதையை இவர் ஐந்து துறைகளுக்குப் பிரித்து வழங்கிவிட்டார். கதையில் வரும் ஆதித்த கரிகாலன் சாவது ‘கொலை வாள்’ பாகத்தில் இல்லை, ஐந்தாவதில் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஐந்து பாகம் ஐந்து நூல் என்று தீர்ப்பானது.

மறுநாளே எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஐந்து உறுப்பினர் அட்டைகளோடு வந்து ஐந்து பாகங்களையும் அள்ளிக்கொண்டு போனது. ஆளுக்கு ஒரு பாகம், ஒரே வாரம், வேலை சுத்தம் என்பது திட்டம். கல்லூரி போகும் மகனுக்கு நான்காம் பாகம். யார் யாருக்குச் சொந்தம் என்றே தெரியாமல், சுவரில் ஒரு வம்சாவளி வரைந்து வைத்துக்கொண்டு வாசித்தான். மருமகளுக்கு முதல் பாகம். வந்தியத்தேவனோடு வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் போனவர் திரும்பி வரவில்லை. அடுக்களையில் குழம்பு அடிப்பிடித்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. ஆதித்த கரிகாலன் மேல் அவருக்குத் தனி அபிமானம் வளர்ந்துகொண்டிருந்தது. மாமனாருக்கு ஐந்தாம் பாகம். நான்காம் நாள் இரவு, சாப்பாட்டுத் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே, அவர் கரிகாலனைக் கொன்றுவிட்டார்.

அந்த மாத வாசகர் வட்டத்தில் மருமகளும் தன் இரண்டு நிமிடத்தைப் பேசினார். நாவலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமனார் கைதட்டத்தான் வேண்டியிருந்தது.