சிவப்பு அட்டைக்குப் புள்ளி கிடையாது

2 ரூபாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடு போடும் இடம் நம் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. பொங்கல், தோசை, பிரியாணி, பழச்சாறு, ஐஸ்கிரீம்; எத்தனை முறை வேண்டுமானாலும் போய்ப் போட்டுக்கொள்ளலாம். உட்கார மெத்தை நாற்காலி, குளிர்சாதனம், ஏன் என்று கேட்க ஆளில்லை. அம்மா உணவகம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே 2013இல் 1 ரூபாய்க்கு இட்லி போட்டபோது, நாடே திவாலாகப் போகிறது என்று படித்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நான் சொல்வது மீனம்பாக்கம் விமான நிலையத்து லவுஞ்சு. கிரெடிட் கார்டைத் தேய்த்தால் 2 ரூபாய் கழியும், கதவு திறக்கும். புதுச்சேரி பாகூரிலிருந்து கூலிக்காரர் ஒருவர் அங்கே போய்ச் சாப்பிட எந்தத் தடையும் இல்லை. கையில் விமான டிக்கெட்டும் பிளாட்டினம் கார்டும் இருந்தால் போதும்.

பட்டணத்தில் கார்டுச் சலுகை சேர்ப்பது குடும்பத் தொழிலாகிவிட்டது. பெட்ரோலுக்குக் கணவர் கார்டு, மளிகைக்கு மனைவி கார்டு, ஆன்லைனுக்கு வேறொன்று, எண்பது வயது மாமியார் பெயரில் ஆட்-ஆன் ஒன்று. கார்டுக்கு மனைவியைக் கணவர் பரிந்துரைத்தால் கணவருக்கு வெகுமதிப் புள்ளி. சேர்ந்த புண்ணியத்துக்கு மனைவிக்கும் புள்ளி. கல்யாணம் ஆன பிறகு இருவரும் ஒருவரையொருவர் மனதாரப் பரிந்துரைத்துக்கொள்வது இந்த ஒரு விஷயத்தில்தான். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எந்த மாதம் எந்தக் கார்டில் கட்டினால் எந்த இலக்கு நிறையும், எந்தப் புள்ளியை எந்த விமானக் கம்பெனிக்கு மாற்றினால் பெருகும் என்று எக்செல்லில் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பைசா வட்டி கட்டுவதில்லை. கடைசித் தேதிக்கு முதல் நாளே பாக்கியை அடைத்துவிடுகிறார்கள். சட்டப்படி இதில் குற்றம் எதுவும் இல்லை. திருட்டாக இருந்திருந்தால் பிடிபடவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் குடும்பங்கள் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்? அட்டைக்கு அங்கே பஞ்சமே இல்லை. சிவப்பு ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, ஜன்தன் கணக்கின் ரூபே அட்டை, நிலம் இருந்தால் கிசான் கிரெடிட் கார்டு. பட்டணத்துப் பர்ஸைவிட பாகூர் டிரங்குப் பெட்டியில் அட்டை அதிகம். ஆகவே அவர்களுக்காகவும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் பெட்ரோல். கார்டில் பெட்ரோல் போட்டால் 1 சதவீதக் கூடுதல் கட்டணம் தள்ளுபடி. பெரும்பாலான கார்டுகளில் ஒரு தடவைக்குக் குறைந்தது 400 ரூபாய்க்குப் போட வேண்டும். பாகூர் விவசாயியின் வண்டி டி.வி.எஸ். எக்ஸ்.எல். டேங்க் 4 லிட்டர் கொள்ளும். லிட்டர் சுமார் 96 ரூபாய் என்றால், சொட்டுச் சொட்டாக வறண்டுபோன டேங்கை வாய் வரை நிரப்பினாலும் 384. சலுகைக்கு 16 ரூபாய் குறைகிறது. இதை ஒரு அதிகாரி உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்க மாட்டார் என்று நம்பத்தான் ஆசை.

அடுத்து இலக்கு. ஆண்டுக்கு 4 லட்சம் செலவழித்தால் வருடக் கட்டணம் தள்ளுபடி என்று சொல்லும் கார்டுகள் இருக்கின்றன. 2024-25இல் நூறு நாள் வேலைக்குப் புதுச்சேரியில் நாளைக்கு 319 ரூபாய் கூலி. நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்து, கூலியும் முழுசாகக் கைக்கு வந்தால் 31,900. அதில் ஒரு ரூபாய்க்குக்கூடச் சோறு தின்னாமல் சேர்த்துவைத்தால் பன்னிரண்டரை ஆண்டில் அந்த ஓராண்டு இலக்கு நிறைந்துவிடும். அதற்குள் கார்டு காலாவதியாகியிருக்கும், ஆளும்.

இந்தப் புள்ளி எந்த ஏரியிலிருந்து பாய்கிறது என்று பார்க்க வேண்டும். கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரரிடமிருந்து வங்கியும் கார்டுக் கம்பெனியும் சேர்ந்து ஏறத்தாழ 2 சதவீதம் பிடித்துக்கொள்கின்றன. கடைக்காரர் அதைத் தன் மடியிலிருந்தா தருவார்? விலையில் ஏற்றுவார். நேரு வீதி ஜவுளிக்கடையில் தீபாவளிக்குப் புடவை எடுக்க வரும் பாகூர்ப் பெண், முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டாக எண்ணிக் கொடுக்கிறாள். அவளுக்குப் பின்னால் நிற்பவர் அதே விலைக்குப் புடவை எடுத்து, கார்டைத் தேய்த்து, புள்ளி வாங்கிக்கொண்டு போகிறார். ஏற்றிய விலையில் அவள் பங்கும் இருக்கிறது, புள்ளியில் இல்லை. யூபிஐ வந்ததும் 2020 முதல் அதற்குக் கட்டணம் கிடையாது என்று ஆனதும் வில்லியனூர்க் கடைத்தெருவைக் கொஞ்சம் காப்பாற்றியது. அது நல்ல காரியம், ஒப்புக்கொள்கிறேன். பிறகு அந்த யூபிஐக்குள்ளும் 2022இல் ரூபே கிரெடிட் கார்டை நுழைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மத்திய வங்கிக் கிளையின் பொருளாதார அறிஞர்கள் 2010இல் இதை டாலர் டாலராக எண்ணிப் பார்த்தார்கள். அங்கே ரொக்கத்தில் வாங்கும் குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரைக் கார்டுக் குடும்பங்களுக்குத் தாரை வார்த்தது. கார்டுக் குடும்பம் ஒவ்வொன்றும் ரொக்கக்காரர்களிடமிருந்து சராசரியாக 1,133 டாலர் பெற்றது. இல்லாதவன் இருப்பவனுக்குக் கொடுக்கும் மானியம். இந்தியாவில் கிரெடிட் கார்டுகள் 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டின. இங்கே யாரும் அப்படி எண்ணிச் சொன்னதாகக் கேள்விப்படவில்லை. எண்ண வேண்டியவர்கள் லவுஞ்சில் இருப்பார்கள்.

இன்னொரு வாய்க்கால் வட்டி. பாக்கியை முழுசாகக் கட்டாதவரிடம் மாதத்துக்கு மூன்றரை, மூன்றேமுக்கால் சதவீதம்; ஆண்டுக்கு 42, 45. அதன்மேல் ஜி.எஸ்.டி. 18. புத்திசாலிக் குடும்பத்தின் கோவா டிக்கெட்டுக்கு, கம்பெனி வேலை போய்க் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் வில்லியனூர் இளைஞனும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறான். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. பதினாறு ஆண்டு கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து அன்று இருபதாவது நாள். புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்து நெல்லை மூழ்கடித்திருந்தது. ரேஷன் அட்டைக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். புதிதாகக் கார்டு எடுப்பவருக்கு வங்கி தரும் வரவேற்புப் பரிசு சில சமயம் இதைவிடக் கூடுதல். அதற்கு வீடு மூழ்க வேண்டியதில்லை.

சிவப்பு அட்டைக்கு வருகிறேன். புதுச்சேரியில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் சிவப்பு, மேலே இருந்தால் மஞ்சள். வங்கிகள் கோல்டு, பிளாட்டினம் என்று அட்டைக்கு நிறம் தருவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் அரசாங்கம் மனிதருக்கு நிறம் பிரித்துவிட்டது. 2015 செப்டம்பரில் சண்டிகரோடு புதுச்சேரியையும் சோதனைக்கூடமாகப் பிடித்தார்கள்: ரேஷன் வேண்டாம், வங்கிக் கணக்கில் பணம். பிறகு புதுச்சேரி அரசின் இலவச அரிசிக்கும் அதே கேள்வி வந்தது. அப்போதைய முதலமைச்சர் நாராயணசாமி அரிசிதான் என்றார். துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம்தான் என்றார். கோப்பு போனது, வந்தது, தில்லிக்குப் போனது, நீதிமன்றத்துக்குப் போனது. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் முதலமைச்சரின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சிவப்புக்கு 20 கிலோவுக்குப் பதில் 600 ரூபாய், மஞ்சளுக்கு 10 கிலோவுக்குப் பதில் 300. கிலோ 30 ரூபாய்க்கு அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை மட்டும் கோப்பில் எழுத மறந்துவிட்டார்கள். ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். கடைகள் மறுபடி திறந்தது 2024 அக்டோபரில், தீபாவளிக்கு 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் கொடுக்க.

பாகூருக்குப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர். பங்காரு வாய்க்காலில் வரும் தண்ணீரை ஏரியில் தேக்கி, தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த ஊர். அந்த ஊர்ச் சனங்கள், தாங்கள் அரிசி தின்னலாமா, அரிசிக்கான காசைத் தின்னலாமா என்று தெரிந்துகொள்ள ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாசையும் தில்லியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று ஒரு கட்சி, அரிசியாகக் கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்று இன்னொரு கட்சி. சிவப்பு அட்டைக்காரன் எதைக் கொடுத்தாலும் கெடுத்துவிடுவான் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிளாட்டினம்காரரின் புள்ளியை விமானமாகத் தருவதா, பணமாகத் தருவதா, மதுக்கடைக் கூப்பனாகத் தருவதா என்று எந்த ஆளுநராவது கோப்பு அனுப்பியிருக்கிறாரா? அவரே செல்போனில் விரலால் தொட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். அவர் பெரிய மனிதர், அவருக்குத் தெரியாதா எது வேண்டுமென்று!

அது தனியார் காசு, இது மக்கள் வரிப்பணம் என்பார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பொதுத்துறை வங்கிகள் 2019-20 தொடங்கி ஐந்து ஆண்டுகளில் பிடித்த அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு. பணம் இல்லாததற்காகப் பணம். அந்தக் காசு வங்கியின் எந்தப் பெட்டிக்குள் போய் எந்தப் பெட்டி வழியாக வெளியே வந்தது என்று எந்தத் தனியாரும் பிரித்துக் காட்டப்போவதில்லை. 2022 ஜூலையில் இலவச மிட்டாய்க் கலாசாரம் நாட்டைக் கெடுக்கிறது என்று பிரதமர் எச்சரித்தார். லவுஞ்சில் அந்த மிட்டாயைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறார்கள்.

கிசான் கிரெடிட் கார்டு பற்றிச் சொல்லாவிட்டால் பொல்லாப்பு. 1998இல் வந்தது, பெயரிலேயே கிரெடிட் கார்டு. 7 சதவீத வட்டி, சொன்ன தேதியில் கட்டினால் 3 சதவீதம் குறையும். நல்ல திட்டம்தான். பட்டா உள்ளவனுக்கு. குத்தகைக்கு உழுபவனுக்கும் உண்டு என்று காகிதத்தில் இருக்கிறது. வங்கியில் குத்தகைச் சீட்டு கேட்பார்கள், வாய்வார்த்தைக் குத்தகைக்குச் சீட்டு எங்கே போவது? அவன் பெண்டாட்டி கழுத்தைப் பார்ப்பான். அதையும் விட்டுவைக்கவில்லை. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவு விதி, அடகு வைக்கும் நகை தன்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் காட்டச் சொன்னது. அம்மா போட்ட சங்கிலிக்கு ரசீது. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த எதிர்ப்பில் ஜூனில் தளர்த்தினார்கள். அதே வாரத்தில் பட்டணத்துக்காரருக்குப் போன் வந்திருக்கும்: “சார், உங்களுக்கு லைஃப்டைம் ஃப்ரீ கார்டு அப்ரூவ் ஆயிருக்கு, டாக்குமென்ட் எதுவும் வேணாம்.” கவுண்டரில் நிற்கும் அம்மாவுக்குக் கிடைப்பது வேறு தமிழ்: “யம்மா, ஒனக்கு எத்தினி வாட்டி சொல்றது, கே.ஒய்.சி. முடியல, போய்ட்டு நாளைக்கு வா.”

நாளைக்கு வரச் சொன்னதால் அவள் குழுக் கடனுக்குப் போகிறாள். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பம் தன் மாத வருமானத்தில் பாதி வரை கடன் தவணைக்கே கட்டலாம் என்று 2022இல் ரிசர்வ் வங்கி எல்லை போட்டது. கூடவே, இந்தக் கடனுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டது. இப்போது வட்டி இருபது சதவீதத்துக்கு மேல் போகிறது. வாரம் தவறாமல், பக்கத்து வீட்டுக்காரியின் தவணைக்கும் சேர்த்துப் பொறுப்பேற்று, ஒழுங்காகக் கட்டுகிறாள். புத்திசாலிக் குடும்பம் செய்வதை அவளும் செய்கிறாள். ஒழுங்காகக் கட்டியதற்கு அவளுக்கு வெகுமதி என்ன தெரியுமா? இதைவிடப் பெரிய கடன்.

இத்தனைக்கும் பிறகு, டிரங்குப் பெட்டியில் உண்மையான வெகுமதி உள்ள அட்டை ஒன்று கிடக்கத்தான் செய்கிறது. ஜன்தன் ரூபே அட்டை. 2018 ஆகஸ்டு 28க்குப் பின் திறந்த கணக்கென்றால் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. சாக வேண்டும், அல்லது நிரந்தரமாக முடமாக வேண்டும், அதுவும் விபத்தில்தான். அதோடு ஒரு நிபந்தனை: விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் அந்த அட்டையை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். தொண்ணூற்றோராவது நாள் லாரி மோதினால் கம்பெனி பொறுப்பல்ல. ஆகையால் கடலூர் சாலையைக் கடக்கப் போகும் பாகூர்ப் பெரியவர்களுக்கு என் யோசனை: முதலில் ஏ.டி.எம்.முக்குப் போய் அட்டையைச் செருகி இருப்பு எவ்வளவு என்று பாருங்கள். இருப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பார்த்தால் போதும், கணக்கில் சேரும். இயந்திரம் சீட்டு கொடுத்தால் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் சாலையைக் கடங்கள். குடும்பமாகச் சேர்ந்து பலன் பெற அந்த அட்டையில் இருப்பது இந்த ஒரு வழிதான். பெறுகிற அன்றைக்குக் குடும்பத்தில் ஒருவர் குறைவார்.