சிப்பிப்பாறைக்கு எந்தக் கழுத்துப்பட்டை?

கேள்வி: சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறோம். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடுகிறதே?

பதில்: நாய்மேல் குற்றமில்லை, உடலமைப்பே அப்படி. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் இனங்கள். தலை ஒடுக்கம், கழுத்து நீளம். தலை அகலமாக இருந்தால்தானே பட்டை கழுத்தில் தங்கும்? இவை பின்வாங்கி ஒரு திமிறு திமிறினால் போதும். பட்டை எஜமானர் கையில், நாய் அடுத்த தெருவில்.

அதற்காக மேலும் இறுக்கினால் மூச்சு முட்டும். கிரேஹவுண்ட் வளர்த்த மேலைநாட்டினருக்கும் இதே தொல்லை இருந்தது. அவர்கள் கைக்கொண்ட வழிதான் ‘மார்ட்டிங்கேல்’ பட்டை. அதில் இரண்டு வளையங்கள். பெரியது கழுத்தில் தளர்வாகக் கிடக்கும். சிறியதில் கயிற்றை மாட்டுவார்கள். நாய் பின்வாங்கும்போது சிறிய வளையம் பெரியதைச் சுருக்கும், இழுப்பு நின்றதும் தளர்ந்துவிடும். சரியான அளவில் வாங்கினால் கழுத்தின் சுற்றளவோடு சுருங்குவது நின்றுவிடும், நெரிக்காது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். தனியாக இருக்கும் நாயின் பட்டை கம்பியிலோ கதவிலோ மாட்டினால் ஆபத்து.

கேள்வி: பக், பொமரேனியன் நாய்களுக்கு?

பதில்: கழுத்தில் வேண்டாம், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான் நல்லது. பக்கிற்கு மூக்கு சப்பை. மூச்சு விடுவதே பாடு. பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழல் தளர்ந்து அமுங்கும் நோய் வரக்கூடும். வாத்து கத்துவதுபோல இருமினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் நீண்டு சுருங்கும் கயிறு வாங்கலாமா?

பதில்: நம் தெருக்களுக்கு வேண்டாம். நியூயார்க் பெண்மணி ஒருவர் 1908-லேயே இப்படியொரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1973-இல் தொடங்கிய ஜெர்மனியின் ‘ஃப்ளெக்ஸி’ நிறுவனம் இத்தகைய கயிற்றை உலகமெங்கும் பரப்பியது. ஆளில்லாத மைதானத்தில் அது சுகம்தான். தெருவிலோ, ஐந்து மீட்டர் தள்ளிப் போகும் நாய்க்கும் மனிதருக்கும் நடுவே ஒரு பைக் புகுந்தால் என்ன ஆகும்? மெல்லிய கயிறு வேகமாக ஓடும்போது விரலை அறுக்கும். கைப்பிடி நழுவினால் அந்தப் பிளாஸ்டிக் டப்பா தடதடவென்று பின்னால் வர, மிரண்ட நாய் இன்னும் வேகமாக ஓடும். 2008-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் இத்தகைய கயிறுகள் சுமார் 2,23,000 திரும்பப் பெறப்பட்டன. கொக்கி உடைந்து ஆள்மேல் தெறிக்கும் அபாயம்தான் காரணம்.

நான்கு முதல் ஆறடி நீளமுள்ள, நீளாத நாடாக் கயிறே போதும். விலையும் குறைவு.

கேள்வி: இரும்புச் சங்கிலி?

பதில்: கனம், வெயிலில் சுடும், அவசரத்தில் பிடித்தால் கையைக் கிழிக்கும். வேண்டாம்.

கேள்வி: கயிற்றைக் கையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டால் பாதுகாப்புதானே?

பதில்: பூனையைக் கண்டு நாய் பாயும் கணத்தில் அந்தச் சுற்றுகள் இறுகி விரல் எலும்பை முறிக்கும். கயிற்றின் கைப்பிடி வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்து, கயிற்றை உள்ளங்கையில் மடித்துப் பிடித்தால் பிடி நழுவாது, வேண்டும்போது விடவும் முடியும்.

கேள்வி: எங்கள் நாய் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்கும் கயிறு வேண்டுமா?

பதில்: கட்டாயம். சென்னை ஆயிரம்விளக்கில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 2024 மே மாதம் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. நாயை அலட்சியமாக விட்டு மனித உயிருக்கு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், தீபாவளி வெடிச் சத்தத்தில் எஜமானர் குரல் எந்த நாயின் காதிலும் ஏறாது. ஐப்பசியில் கயிற்றோடு, தொலைபேசி எண் பொறித்த வில்லையும் பட்டையில் இருக்கட்டும்.