மின்கட்டணப் பங்குதாரர்

உத்தியோக நிமித்தமாகக் கல்கத்தாவுக்கு மாற்றலாகி, தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதியில், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் நாள்தோறும் கிடைக்கும் என்னும் ஒரே காரணத்தை முன்னிட்டு நான் ஒரு மாடி வீட்டில் குடியேறிய அன்று மாலை, கீழ்வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்த முதியவர் ஒருவர், பெயர், ஊர், சம்பளம் ஆகிய உலக வழக்கமான விசாரணைகள் ஒன்றிலும் இறங்காமல், "இறாலா, இலிஷா?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார். நான் மரக்கறி உண்பவன் என்று தெரிவித்துக்கொண்டேன். அவர் வாசற்படிப் பக்கம் தலையைத் திருப்பி, "பாவம், கட்சி இல்லாத மனிதர்" என்று உள்ளே இருந்த யாருக்கோ அறிவித்தார்.

இறால் என்றால் மோகன் பகான்; இலிஷ் என்றால், நம் ஊரில் உல்லம் என்போமே அந்த மீன், ஈஸ்ட் பெங்கால். பூர்விகமாக மேற்கு வங்காளத்தில் இருப்பவர்கள் முன்னதற்கும், பிரிவினையை ஒட்டிப் பத்மா நதிக்கு அப்பாலிருந்து வந்து சேர்ந்தவர்கள் பின்னதற்கும் தொட்டிலிலேயே எழுதிவைக்கப்படுகிறார்கள். பச்சையும் மெரூனும் ஒரு கொடி. சிவப்பும் பொன்னிறமும் மற்றொரு கொடி. 'பெரிய ஆட்டம்' என்று இந்நகரத்தார் பயபக்தியோடு சொல்லும் பந்தயத்தில் இவ்விரண்டும் மோதுகிற நாளில், எந்தக் கட்சி வெல்கிறதோ அந்தக் கட்சிக்குரிய மீன் சந்தையில் விலையேறும் என்பது இங்குள்ள பொருளாதார சாஸ்திரத்தின் முதல் சூத்திரம்.

கீழ்வீட்டு முதியவரைத் தெரு முழுவதும் 'தாதா' என்று அழைத்தது. வங்காளத்தில் அச்சொல்லுக்கு அண்ணன் என்று பொருள். சென்னையில் அதற்கு வேறொரு பொருள் உண்டென்பதை நான் அவரிடம் இன்றுவரை பிரஸ்தாபித்ததில்லை. ஆட்டம் நடக்கிற நாட்களில் இரண்டு பொருளுமே அவருக்குப் பொருந்தும். மாநில அரசாங்கத்தின் அலுவலகமொன்றில் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளின்மீது 'மேற்கொண்டு ஆவன செய்க' என்று எழுதி ஓய்வுபெற்றவராகிய அவர், தம் ஆயுளில் ஒரு தடவையேனும் பந்தை உதைத்ததற்குச் சாட்சியம் கிடையாது. ஆயினும் கால்பந்து உலகத்தில் விதிகளை வகுக்கும் ரிஷி, கழகத்தின் சொத்துக்குப் பாத்தியதையுள்ள முதலாளி, குற்றவாளிக்குத் தண்டனை விதிக்கும் நியாயாதிபதி ஆகிய மூன்று ஸ்தானங்களையும், எவரும் நியமிக்காமலே, அந்தத் திண்ணையில் இருந்தபடி ஒருங்கே வகித்துவந்தார். தெருவுக்கு நால்வராவது இப்படி இருக்கிறார்கள் என்றும், நால்வரின் தீர்ப்பும் நான்கு விதம் என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன்.

முதலில் விதிகள். தெருமுனைத் தேநீர்க் கடையில் தரும் மண்குவளைகள் குடித்தவுடன் எறிவதற்கென்றே செய்யப்பட்டவை; தாதா எறிவதில்லை. ஆஃப்சைடு என்னும் மகா தத்துவத்தை உபதேசிக்கும்பொருட்டு ஏழெட்டுக் குவளைகளைத் திண்ணை ஓரத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். "மதராஸ் பாபு, இங்கே பாருங்கள். பந்து காலை விட்டுக் கிளம்புகிற கணத்தில், முன்னால் ஓடுகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரிகள் இரண்டு பேராவது இருக்கவேண்டும். இது கோல்காப்பாளன், இது தடுப்பாளன். சரிதானே? 1925க்கு முன்னால் இரண்டு பேர் போதாது. மூன்று பேர் வேண்டும்!" என்று மூன்றாவது குவளையை ஓங்கி வைப்பார். இவ்வளவு நுட்பமான சரித்திர ஞானத்தை அவர் எதற்காகச் சேகரித்தார் என்று நான் வியந்துகொண்டிருக்கையிலேயே அதன் பிரயோஜனம் வெளிப்படும். 1911ஆம் வருஷம் ஜூலை 29ஆம் தேதி, பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு இறங்கி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்டு என்னும் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்று வீழ்த்தி, மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றதே, அப்போது மூவர் விதிதான் அமலில் இருந்தது. ஆகவே சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் போட்ட இரண்டு கோல்களை இன்றைய இருவர் விதியின் கணக்குக்கு மாற்றினால் மூன்று என்று கொள்ளவேண்டும். அந்தப் பட்டாளத்தாரின் ஒரு கோலும் அதே விதியின் கீழ்தானே விழுந்தது என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். அந்தக் குவளை விரிசல் விட்டது என்று சொல்லி அதை எடுத்து எறிந்துவிட்டார்.

சரித்திரத்தைத் திருத்துவதில் அவருக்கிருந்த ஊக்கம் 1911ஓடு நிற்கவில்லை. 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில், பெலேயை அழைத்துவந்த நியூயார்க் காஸ்மோஸ் அணியோடு மோகன் பகான் 2-2 என்று சமன் செய்ததாக உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. தாதாவின் கறுப்பு அட்டைக் குறிப்புப் புத்தகத்தில் அது 2-1, வெற்றி. காஸ்மோஸுக்குக் கடைசியில் கொடுக்கப்பட்ட பெனால்டி செல்லாது என்பது அவருடைய தீர்ப்பு. மழையில் நனைந்துகொண்டு தாம் நேரில் பார்த்ததாகவும், பார்த்த இடத்திலிருந்து கோல் பெட்டி தெரியவில்லை என்றும், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்.

இவ்வளவு கண்டிப்பானவர் காணொளி நடுவர் முறையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அறிய எனக்கு ஆவல் உண்டாயிற்று. இந்தியன் சூப்பர் லீகில் அம்முறை கிடையாது. 2023 மார்ச்சு 18ஆம் தேதி கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த ஒரு பெனால்டியினால் 2-2 என்று தப்பிப் பிழைத்து, பிறகு பெனால்டிப் போட்டியில் பெங்களூரு அணியை வென்று பச்சை-மெரூன் கோப்பையைத் தூக்கியபோது, தோற்ற அணியின் உரிமையாளர் இனி அந்த யந்திரம் வந்தே தீரவேண்டும் என்று முறையிட்டார். "யந்திரத்துக்கு மனசாட்சி உண்டா? மனிதனுடைய விளையாட்டை மனிதனுடைய கண்தான் பார்க்கவேண்டும்" என்று அன்றிரவு தாதா மனித குலத்தின் சார்பில் உருக்கமாகப் பேசினார். பின்னொரு சமயம் இவருடைய அணி அடித்த கோலுக்குக் கொடி தூக்கப்பட்டபோது, அயல்நாடுகளில் எல்லாம் வந்துவிட்ட விஞ்ஞான வசதி நமக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது என்று அதே திண்ணையில் அதே உருக்கம்.

உரிமை என்னும் விஷயத்தில் அவருடைய சித்தாந்தம் இன்னும் சூட்சுமமானது. 1998ஆம் ஆண்டில் விஜய் மல்லையாவின் யுனைடெட் புருவரீஸ் குழுமம், வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே வக்கீல் ஆஜரானதைப்போல, இரண்டு கழகங்களிலும் பாதிப் பங்கை வாங்கிக்கொண்டு, ஒன்றுக்கு மெக்டவல்ஸ் என்றும் மற்றொன்றுக்குக் கிங்ஃபிஷர் என்றும் முன்னடை சூட்டியது. வேறெவராயினும் இதற்காக விசனப்பட்டிருப்பர். தாதாவோ, தாம் இரண்டில் ஒன்றையும் நாவில் தொட்டறியாதவராயினும், "எங்களுக்கு விஸ்கி, அவர்களுக்கு பீர். முதலாளிக்கே தராதரம் தெரிந்திருந்தது" என்று திருப்தியடைந்தார். பிற்பாடு எதிர்க்கட்சிக்கு ஒரு குவெஸ் கம்பெனியும், 2020இல் சிமென்டு வியாபாரியும், 2022இல் முகப்பூச்சு வியாபாரம் செய்யும் இமாமியும் முறையே வந்து சேர்ந்த வரலாற்றை, இடிந்த வீட்டுக்கு முதலில் சிமென்டும் பிறகு பௌடரும் பூசிய கதையாக அவர் சொல்லக் கேட்கவேண்டும். அடுத்த அறையில் பாத்திரம் விழும் சத்தமும் கூடவே கேட்கும்.

தம் கழகத்துக்கே அந்தச் சோதனை வந்தபோதுதான் அவர் துடித்துப்போனார். 2020இல் ஆர்.பி. சஞ்சீவ் கோயங்கா குழுமம் 80 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. தன் பழைய அணியின் 'ஏ.டி.கே.' என்ற மூன்றெழுத்தைக் கொண்டுவந்து, 1889இல் பிறந்த மோகன் பகானின் தலையிலே வைத்தது. மூன்று வருஷ காலம் அந்த மூன்றெழுத்தை நீக்கவேண்டுமென்று அபிமானிகள் கொடி பிடித்தார்கள். தாதா கொடி பிடிக்கவில்லை, முழங்கால் வலி, ஆனால் செய்தித்தாளில் அவ்வெழுத்துகள் வருமிடமெல்லாம் மையால் அடித்துவிட்டே வாசித்தார். கோவாவில் கோப்பை வென்ற அதே இரவில் பெயர் மாறும் என்று முதலாளி அறிவித்தார், 'ஏ.டி.கே.' போய் 'சூப்பர் ஜயன்ட்' வாலாக ஒட்டிக்கொண்டது. தலையில் இருந்ததற்கு வாலில் இருப்பது மேல் என்று தாதா அதைச் சகித்துக்கொண்டார்.

இந்தத் துன்பகாலத்தில்தான் அவருக்கு ஒரு ஞானோதயம் ஏற்பட்டது. கல்கத்தா நகரத்துக்கு மின்சாரம் வழங்கும் கம்பெனியும் அதே குழுமத்துக்கு உரியது. "நம் வீட்டு மின்கட்டணம் யாருக்குப் போகிறது? முதலாளிக்கு. முதலாளி அதை யாருக்குக் கொடுக்கிறார்? ஆட்டக்காரனுக்கு. அப்படியானால் நம் முன்னணியில் ஆடும் ஆஸ்திரேலியாக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பவன் யார்?" என்று தம் மார்பைத் தொட்டுக் காட்டினார். அன்றுமுதல் அவர் பேச்சில் 'எங்கள் அணி' என்பது மறைந்து 'என் அணி' என்பது குடிபுகுந்தது. முன்னணி வீரர் நன்றாக ஆடிய வாரத்தில் மின்விசிறி நான்கில் சுழலும். தோல்வி நேர்ந்த இரவுகளில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டிலே உட்கார்ந்திருப்பார். துக்கம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்; முதலாளிக்கு விதித்த அபராதம் என்று பிற்பாடு தெரிந்தது.

ஒழுங்கு நடவடிக்கை என்று வந்துவிட்டால் தாதாவைப்போல் நிர்த்தாட்சண்யமான நியாயாதிபதி மனுநீதிச் சோழனுக்குப் பிறகு பிறக்கவில்லை. கன்று எந்தக் கட்சி என்று மட்டும் முதலில் விசாரிப்பார். 2023 மார்ச்சு 3ஆம் தேதி, தடுப்புச் சுவர் அமைவதற்கு முன்பே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீகிக் கோலாக, கேரள அணியினர் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறினார்கள் அல்லவா? அதற்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. "போதாது! நடுவர் தீர்ப்பு தெய்வ வாக்கு. மைதானத்தை விட்டு வெளியேறுகிறவன் விளையாட்டையே அவமதிக்கிறான்" என்று தாதா முழங்கினார். அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2012 டிசம்பர் 9ஆம் தேதி சால்ட் லேக் மைதானத்தில், மோகன் பகான் வீரர் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டு, கூட்டத்திலிருந்து வந்த கல்லொன்று சக வீரர் நபியின் முகத்தைத் தாக்கி, இடைவேளைக்குப் பின் மோகன் பகான் மைதானத்துக்குத் திரும்பாமலே இருந்ததையும், இரண்டு வருஷத் தடை விதிக்கப்பட்டுப் பின்னர் அது 2 கோடி ரூபாய் அபராதமாகவும் புள்ளி இழப்பாகவும் குறைக்கப்பட்டதையும் நான் மெல்ல நினைவூட்டினேன். "அது வெளியேற்றம் அல்ல. சத்தியாக்கிரகம்" என்றார்.

நபி அடிபட்டது மெய். அந்த மட்டில் அவர் பக்கம் நியாயமும் உண்டு. ஆனால் சேத்ரி விஷயம் வேறு. மோகன் பகானின் பழைய தடுப்பரணாகிய சுப்ரதா பட்டாசார்யாவின் மகளை அவர் மணந்திருப்பதால், தாதாவின் தர்மசாஸ்திரப்படி வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளை அடித்த ஃப்ரீகிக் சட்டவிரோதமாக இருக்க முடியாது. பதினைந்து நாள் கழித்து அதே மாப்பிள்ளை இறுதி ஆட்டத்தில் எதிரணிக்காக இறங்கியபோது, உறவு முறை ஆட்டம் முடியும்வரை ரத்து செய்யப்பட்டு, கோப்பை கைக்கு வந்தபின் புதுப்பிக்கப்பட்டது. 

ஒரே ஒரு நாள் மட்டும் திண்ணை நீதிமன்றம் கூடுவதில்லை. 1980 ஆகஸ்டு 16ஆம் தேதி, ஈடன் கார்டன்ஸில் நடந்த பெரிய ஆட்டத்தில், மைதானத்துத் தகராறு இருக்கைகளுக்குப் பரவி, நெரிசலில் 16 பேர் மாண்டார்கள். வருஷந்தோறும் அன்றைக்கு நகரில் ரத்ததானம் நடக்கும். தாதா சலவைச் சட்டை அணிந்து காலையிலேயே புறப்பட்டுவிடுவார். வயதைக் காட்டி அவருடைய ரத்தத்தை இப்போது எடுத்துக்கொள்வதில்லை; வரிசையில் நிற்கும் வாலிபர்களுக்குப் பழச்சாறு நீட்டிவிட்டுத் திரும்புவார். நீட்டும்போது யாருடைய சட்டை என்ன நிறம் என்று பார்ப்பதில்லை. அதைப்பற்றி நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

அடுத்த அறையில் பாத்திரம் விழுந்ததைச் சொன்னேனே, அது பௌதி. அண்ணிக்கு அவ்வூர்ச் சொல். பாரிசால் ஜில்லாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். அவருடைய கழகம் பிறந்ததே ஒரு மனஸ்தாபத்தில்தான்: 1920இல் மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில், சைலேஷ் போஸ் என்னும் வீரரை ஜோராபகான் அணி சேர்க்காமல் விட்டது பொறாமல், அக்கழகத்தின் உபதலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌதுரி வெளியேறிப்போய்த் தோற்றுவித்தது ஈஸ்ட் பெங்கால். எனக்குக் கட்சி இல்லை என்று தாதா அனுதாபப்பட்ட முதல் நாளே பௌதி என்னைத் தம் கட்சியில் சேர்த்துக்கொண்டுவிட்டார். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சலே என்று 1950ஐ ஒட்டிய வருஷங்களில் ஈஸ்ட் பெங்காலின் முன்னணியில் ஆடிப் பஞ்சபாண்டவர் என்று பெயரெடுத்த ஐவரும் தென்னாட்டார். "உங்கள் மனிதர்கள்தான் எங்களுக்குக் கோல் போட்டார்கள்" என்று சொல்லி எனக்கு வாரம் ஒரு கிண்ணம் வெங்காயம் சேராத பருப்பு வரும். தாதாவோடு அவர் வாதாடி நான் பார்த்ததில்லை. 1997 ஜூலை 13ஆம் தேதி, ஒரு லட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடிய பெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு முன்னால், மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா எதிரணியின் ஒமோலோவை 'ஆம்லெட்' என்று ஏளனம் செய்ததும், அதற்குப் பதிலாகப் பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டு ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றதும் ஊரறிந்த கதை. அந்தத் தேதியில் மட்டும் வருஷந்தோறும் தாதாவின் தட்டில், ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஓர் ஆம்லெட் வைக்கப்படும்.

சென்ற மழைக்காலத்தில் பெரிய ஆட்டம் ஒன்றில் மோகன் பகான் தோற்ற இரவு, கீழ்வீடு வழக்கம்போல் இருண்டு கிடந்தது. திண்ணையில் தாதா, எதிரே நான், நடுவில் கவிழ்த்த குவளைகள். "இந்த மாதம் கட்டணம் கட்டப்போவதில்லை" என்று இருட்டில் குரல் வந்தது. "பங்குதாரன் அதிருப்தி அடைந்துவிட்டான் என்பது முதலாளிக்குத் தெரியட்டும்."

உள்ளே விளக்கு எரிந்தது. பௌதி கைபேசியோடு வாசற்படியில் வந்து நின்றார். "அது முந்தாநாளே கட்டியாயிற்று. மாதாமாதம் நான்தானே கட்டுகிறேன். நீங்கள் எந்த மாதம் கட்டினீர்கள்?"

தாதா வெகுநேரம் அந்தச் செய்தியைச் சுற்றி வந்தார். கட்டணம் முதலாளிக்கு, முதலாளி ஆட்டக்காரனுக்கு, ஆகவே 2020 முதல் இந்நாள்வரை பச்சை-மெரூன் அணிக்குச் சம்பளம் கொடுத்துக் காப்பாற்றிவருபவர் பாரிசால் ஜில்லாக்காரி ஒருத்தி. உள்ளேயிருந்து இலிஷ் மீன் கடுகு விழுதில் வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது; மைத்துனர் வாங்கிக்கொண்டு வந்திருந்தாராம்.

"மதராஸ் பாபு," என்று நடுவரிடம் முறையிடும் தொனியில் தாதா என் பக்கம் திரும்பினார், "இது அப்பட்டமான ஆஃப்சைடு."

"யாரும் கொடி தூக்கவில்லையே" என்று சொல்லிவிட்டுப் பௌதி இலை போடப் போனார்.