கைத்தடியா, இரட்டைக் கம்பா? கொல்கத்தா ஏரிக்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

கொல்கத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த ஊரில் ஏற்றம் என்றால் மேம்பாலம், இறக்கம் என்றால் மெட்ரோ. இப்படிப்பட்ட நிலத்தில் மலையேற்றக் கம்பை ஆராய்வானேன் என்று வாய்மொழித் தேர்வில் யாரேனும் கேட்கக்கூடும். கேட்பவர் இந்த ஊரை அறியாதவர். பிற்பாடு எவரெஸ்ட் என்று பெயர் பெற்ற பதினைந்தாம் சிகரத்தின் உயரத்தை ராதாநாத் சிக்தார் கணக்கிட்டது இந்த ஊர் மேசையில்தான். 29,002 அடி என்ற முடிவு 1856-ல் வெளியானது. மவுண்டன் கிளப் ஆஃப் இந்தியா 1927-ல் இங்கேதான் பிறந்தது; மறு ஆண்டே இமாலயன் கிளப்போடு கலந்துவிட்டது. பூஜை விடுமுறை வந்தால் சியால்தா ஸ்டேஷனில் முதுகுப்பையும் குரங்குக் குல்லாயுமாகக் குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். மலை இல்லாத ஊரில்தான் மலைப்பித்து முற்றும் என்பது இக்கட்டுரையின் முதல் கருதுகோள். அதை நிறுவும் உத்தேசம் எனக்கில்லை.

ஆய்வுக்களம் ரவீந்திர சரோவர். கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 1920-களில் சதுப்பு நிலத்தை வெட்டி எடுத்த ஏரி. 73 ஏக்கர் தண்ணீர். 1958-ல் தாகூர் பெயர் சூட்டினாலும் சுற்றுவட்டாரத் தமிழர்களுக்கு அது இன்றும் வெறும் ‘லேக்’. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் வாழையிலையும் வாங்கி வாழ்ந்த தலைமுறை இப்போது காலையில் அதன் கரையைச் சுற்றுகிறது. அத்தலைமுறையின் பிரதிநிதி ஒருவரை முதன்மைத் தகவலாளராகக் கொண்டேன். ஆய்வு அறத்தின்படி அவர் பெயர் ‘மாமா’. கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். டென்வரில் இருக்கும் மகள், அப்பாவின் முழங்காலை நினைத்து ஒரு ஜோடி ட்ரெக்கிங் போல் வாங்கி அனுப்பினாள். வீட்டில் ஏற்கெனவே வளைந்த பிடி வைத்த பிரம்புக் கைத்தடி ஒன்று உண்டு. ஆய்வுச் சிக்கல் இங்கே தோன்றுகிறது.

தமிழில் எந்த ஆய்வேடும் சங்க இலக்கியத்தை வணங்காமல் மேலே போக முடியாது. கொசுவத்திச் சுருளைப் பற்றி எழுதினாலும் இதுதான் விதி. நல்லவேளை, இம்முறை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. தன் ஊன்றுகோலாலேயே பெயர் பெற்ற புலவர் நமக்கு இருக்கிறார்: தொடித்தலை விழுத்தண்டினார். புறநானூற்று 243-ஆம் பாட்டு அவருடையது. இளமையில் ஆழ்ந்த மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டியதையும், இப்போது பூண் போட்ட தடியை ஊன்றி, இருமலுக்கு நடுவே பேசுவதையும் சொல்கிறார். ஏரியில் படகு கிளப் பையன்கள் துடுப்பு வலிக்க, கரை பெஞ்சில் மாமா இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த எவருக்கும் அந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது. நம் ஆய்வுக்கு வேண்டியது அந்தப் பூண். தடியில் தேய்மானமும் பிடிமானமும் எங்கே வரும் என்று அன்றைய தச்சனும் யோசித்திருக்கிறான். இன்றைய கம்பெனி அந்த இடத்தில் கார்க் வைக்கிறது. வள்ளுவரும் கேள்வி அதிகாரத்தில் (415) வழுக்கும் நிலத்தில் ஊன்றுகோல் உதவுவதைத்தான் உவமையாக எடுக்கிறார். முதுமையைச் சொல்லாமல் வழுக்கலைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆடி மாதம் லேக் கரையின் பாசிப் படிக்கட்டைப் பார்த்தவருக்கு அது புரியும்.

நவீன காலத்துக்கு வந்தால் காந்தி. 1947 தொடக்கத்தில் நவகாளிக் கிராமங்களில் அவர் நடந்தது ஒற்றை மூங்கில் கோலோடு. கொல்கத்தா மேயோ ரோட்டில் நிற்கும் காந்தியையும் சென்னை மெரினாவில் கோலூன்றி நடக்கும் காந்தியையும் வடித்தவர் ஒருவரே: தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த வங்காளி. ஆகவே ஊன்றுகோல் விஷயத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையே கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் கடைசி நாட்களில் காந்தி மனு, ஆபா ஆகிய இரு பெண்களின் தோள்மீது கைவைத்து நடந்தார்; அவர்களைத் தன் ஊன்றுகோல்கள் என்றே சொல்வார். இரட்டைக் கம்புக் கட்சியினர் இதைத் தங்களுக்குச் சாதகமான சான்றாகக் காட்டலாம். நான் மறுக்க மாட்டேன்.

இனி அறிவியல். கைத்தடியின் உயரம் மணிக்கட்டு மடிப்பு வரை: செருப்புப் போட்டு நின்று, கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். 165 செ.மீ. ஆளுக்கு ஏறக்குறைய 84 செ.மீ. வரும். ட்ரெக்கிங் போல் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் உயரம். அதே ஆளுக்கு 110 செ.மீ. அளவில். ஏற்றத்தில் கொஞ்சம் குறைத்து, இறக்கத்தில் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். தடியில் அந்த வசதி கிடையாது. ஒரு முறை ரம்பம் போட்டால் போட்டதுதான். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். லேக்கில் பாதிப் பேர் வலிக்கிற பக்கமே பிடித்து அதன்மேல் சாய்ந்து போகிறார்கள்; அவர்களுக்குத் தடி வெறும் அலங்காரம். 1999-ல் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வு, இறக்கத்தில் இரண்டு கம்பு ஊன்றினால் முழங்கால் மூட்டுக்கு வரும் விசை 12 முதல் 25 சதவீதம் குறைவதாகக் கண்டது. ‘இறக்கத்தில்’ என்ற சொல்லை மாமா அடிக்கோடிட்டார். 9 மீட்டரில் இருந்துகொண்டு எங்கே இறங்குவது? சமதரையில் கம்பு ஊன்றி நடந்தால் கைகளும் வேலை செய்வதால் சக்தி கூடுதலாகச் செலவாகும் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்தக் கூடுதலுக்கு ஈடாக வழியில் இரண்டு கச்சோரியை வரவு வைத்தார். கணக்குத் துறை அல்லவா?

இப்போது இவ்வாய்வின் மையமான மறுகைக் கோட்பாடு. ட்ரெக்கிங் போலை மதிப்பிட்ட மேல்நாட்டார் எல்லோரும் காலைப் பார்த்தார்கள். மறு கையைப் பார்க்கவில்லை. கொல்கத்தாவில் காலைநடை என்பது பெரும்பாலும் கையால் செய்யும் காரியம். மண் குவளை டீயைப் பிடிக்க வேண்டும். கக்கத்துச் செய்தித்தாளை உருவ வேண்டும். தெருநாய்க்கு பிஸ்கட் போட வேண்டும், அதன் அண்ணனைத் துரத்த வேண்டும். திரும்பும்போது வாழைப்பூவும் முருங்கைக்காயும் கனக்கும் பையைத் தூக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அட்டா. பெஞ்சில் கூடி மோகன் பாகானையும் மாநில அரசையும் விசாரிக்கும் அந்தச் சபையில், கையை வீசாமல் ஒரு வங்காளி வாக்கியத்தை முடித்து நான் பார்த்ததில்லை. “ரெண்டு கையிலயும் கம்பைப் புடிச்சுண்டா டீயை யார் புடிப்பா?” என்றார் மாமா. இரட்டைக் கம்பு பற்றிய ஆய்வுகளில் இந்தக் கேள்விக்கு விடை தேடினேன், கேள்வியே இல்லை.

மணிக்கட்டில் வார் இருக்கிறதே, பிடியை விட்டால் கம்பு தொங்குமே என்பார்கள். தொங்கும். தொங்கிய கம்பின் டங்ஸ்டன் கார்பைடு முனை, பக்கத்தில் இருந்த மாஸ்டர்மொஷாயின் வேட்டியில் எங்கே போய்ச் செருகியது என்பதை ஆய்வேட்டில் விவரிக்க இயலாது. ஓய்வுபெற்ற பூகோள வாத்தியாரான அவர் எழுந்து நின்று, “மாமா, இது சாந்தக்ஃபூ இல்லை” என்றார். மறுநாளே முனைகளுக்கு ரப்பர் புஷ் ஏறியது. சிமென்ட் பாதையில் அது இல்லாமல் நடப்பது முனைக்கும் கேடு, காதுக்கும் கேடு.

கைத்தடியின் உபதொழில்களையும் சொல்ல வேண்டும். வளைந்த பிடி முழங்கையில் தொங்கும், பெஞ்சில் மாட்டும். விவாதத்தில் எதிராளியின் மார்புக்கு நேரே நீளும். மதிலுக்கு வெளியே தலைநீட்டும் செம்பருத்திக் கிளையைச் சுவாமிக்காக வளைத்து இழுக்கும். அதிகாலையில் லேக் ரோடு வழியாகக் கைத்தடியோடு போகும் தமிழ்ப் பெரியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே கால்வலி என்பது தனி ஆய்வுக்குரியது. ட்ரெக்கிங் போலால் பூ பறிக்க முடியாது. நீட்டினால் எட்டும், கொக்கி இல்லை.

மாஸ்டர்மொஷாய் குறிப்பிட்ட சாந்தக்ஃபூவையும் நேர்மையாக ஆராய்ந்தாக வேண்டும். மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம், 3,636 மீட்டர். மானேபஞ்சனிலிருந்து பழைய லேண்ட்ரோவர்களும் ஏறுகின்றன, மனிதர்களும் ஏறுகிறார்கள். ஏறும்போது ஒரு மூங்கில் தடி போதும் என்பது பலர் அனுபவம். சிங்கலீலா காட்டில் மாலிங் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. (அது சிவப்புப் பாண்டாவின் ஆகாரம். வெட்டாமல், கடையில் வாங்குவதே முறை.) கூர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு இறங்கும்போதுதான் கதை மாறுகிறது. ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம், ஈரச் சருகு, வேர், கல். அங்கே ஒற்றைத் தடிக்காரர் ஒவ்வோர் அடிக்கும் உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பி இறங்குவார். மாலையில் அவர் முழங்கால் அதற்கு வட்டி கேட்கும். இரண்டு கம்புக்காரர் நேராக இறங்குவார். அந்தப் பாதையில் டீக்கடை எதிர்ப்பட்டால் இரண்டையும் சுவரில் சாத்திவிடலாம்; அவசரம் யாருக்கும் இல்லை. ஆகவே மலையில் இரட்டைக் கம்பே மேல் என்று நான் தயங்காமல் எழுதுகிறேன். பிரம்பின் பெருமைக்காக முழங்காலைத் தியாகம் செய்யச் சொல்வது பிற்போக்கு.

கம்பை ஊருக்குக் கொண்டுவந்த பிறகு ஓர் எச்சரிக்கை. ஈரத்தோடு மடக்கி அலமாரியில் போட்டால் கொல்கத்தாப் புழுக்கத்தில் அலுமினியம் பூத்து, ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொள்ளும். பிறகு குழாய் ரிஞ்சுக்குத்தான் மசியும். துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்துக் காயவைக்க வேண்டும். பிரம்புக்கு ஈரத்துணியும் எப்போதாவது கொஞ்சம் எண்ணெயும் போதும்.

குடையையும் சேர்க்க வேண்டும் என்று மாஸ்டர்மொஷாய் வற்புறுத்தினார். கே. சி. பாலின் நீளக் குடை ஊன்றவும் ஆகும், மழைக்கும் ஆகும், கொக்கிப் பிடியும் உண்டு என்பது அவர் வாதம். வாதம் வலுவானது, ஆனால் மழை பெய்யும்போது அதை ஊன்ற முடியாது, அதாவது வழுக்கும் வேளையில் பார்த்து அது கைவிட்டுவிடும். வள்ளுவர் சொன்ன தகுதியில் குடை தோற்கிறது.

மாமா வீட்டு வழக்கு இவ்வாறு முடிந்தது. கம்பை மூலையில் வைத்தால் மகள் வீடியோ அழைப்பில் கேட்கிறாள். இரண்டையும் எடுத்துப் போனால் டீ இல்லை. மாமி ஒருநாள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்: “எனக்கு மட்டும் முழங்கால் இல்லையா? ஒண்ணை இப்படிக் குடுங்கோ.” இப்போது இருவரும் ஆளுக்கொரு கம்பு, ஆளுக்கொரு காலி கை. கம்பின் வார்களில் இடது, வலது என்று குறி உண்டு. இடப்பக்கத்துக் கம்பை மாமி எடுத்துக்கொண்டதை மாமா ஆட்சேபிக்கவில்லை. திருச்செங்கோட்டுக்காரர், இடப்பாகம் யாருடையது என்பது அவருக்குத் தெரியும். பிரம்புத் தடி செம்பருத்திக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.