எழுந்திராத மடிக்கணினியும் எழுந்துவிட்ட கோட்பாடுகளும்: ஏனாத்தூரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் எழுந்திராத மடிக்கணினியின் வயிற்றிலிருந்து சொந்தக் கோப்புகளை மீட்டல். ஆய்வு எல்லை: காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர்; தேவைப்பட்டால் உத்திரமேரூர் வரை. ஆய்வுக் காலம்: புராஜெக்ட் ஒப்படைப்புக்கு முந்தைய இரவு. பல்கலைக்கழகம் உள்ள ஊராதலால் இக்காலம் ஆண்டுதோறும் தவறாமல் வரும், தரவுக்குப் பஞ்சமில்லை.

வட்டாரத்தில் வழங்கும் சிகிச்சைகளுள் தொன்மையானது தட்டல் நெறி. பழைய டிவிக்குப் பலித்தது இதற்கும் பலிக்கும் என்பது இதன் கருதுகோள். சுழலும் ஹார்ட்டிஸ்கில், படிக்கும் முனை தட்டின்மேல் மயிரிழையின் தடிமனைவிடக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது என்பதை இந்நெறியினர் பொருட்படுத்துவதில்லை. அடுத்தது பேட்டரியைக் கழற்றி ஊதி மாட்டும் நெறி. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பேட்டரி, சார்ஜர் இரண்டையும் பிடுங்கிவிட்டு பவர் பொத்தானை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தால், தேங்கிய மின்சாரம் வடிந்து எந்திரம் சில வேளை எழுந்துவிடுகிறது. ஊதலின் பங்கு மட்டும் நிறுவப்படவில்லை.

மூன்றாவதே கொடியது. “ஃபார்மேட் போட்டுட்டா சரியாயிடும்ணா.” சரியாகிவிடும்தான், எந்திரம். உள்ளே இருந்த காதுகுத்துப் படங்களும் சீட்டுக் கணக்கும் எங்கே என்று கேட்டால், “அது முக்கியமாண்ணா?” என்ற எதிர்வினா வரும்.

உடலும் உயிரும் ஒன்றா வேறா என்று காஞ்சியில் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். மடிக்கணினியைப் பொறுத்தவரை வேறு என்பதே இவ்வாய்வின் முடிவு. சார்ஜர், திரை, மதர்போர்டு, விண்டோஸ் எது போனாலும் கோப்பு பெரும்பாலும் டிஸ்கில் அப்படியே கிடக்கும். விண்டோஸ் மட்டும் படுத்திருந்தால் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து எந்திரத்தை எழுப்பிக் கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் கூடவே வந்தது. கையிலிருந்த அந்த மருந்தை அழித்துத்தான் பலர் சினிமாவுக்கு இடம் ஒதுக்கினர்.

எந்திரமே மொத்தமாக மாண்டிருந்தால், அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி ஹார்ட்டிஸ்கை எடுத்து, யூஎஸ்பி கேஸில் போட்டு, பக்கத்து வீட்டு லேப்டாப்பில் செருக வேண்டும். டிஸ்க் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டால் அக்கணமே நிறுத்திவிட வேண்டும். இன்னொரு தடவை பார்க்கலாம் என்னும் ஆசைதான் மிச்சத்தையும் சுரண்டிவிடுகிறது. புதிய எந்திரங்கள் சிலவற்றில் சேமிப்புச் சில்லு போர்டோடே பற்றவைக்கப்பட்டிருக்கும்; கழற்ற வராது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கின் பாஸ்வேர்டு? அதே லேப்டாப்பில், ‘பாஸ்வேர்டு’ என்ற நோட்பேட் கோப்பில்.

கோப்புகளை அழியாமல் காப்பதில் முன்னோடிகள் உத்திரமேரூரார். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இல், குடவோலைத் தேர்தல் விதிகளை வகுத்துக் கல்லில் வெட்டினார்கள். ஓட்டை தெரிந்ததோ என்னவோ, 921இல் திருத்தி மறுபடி வெட்டினார்கள். பழையதை அழிக்கவில்லை. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’ இரண்டும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் திறக்கின்றன, பாஸ்வேர்டு தேவையில்லை. குடத்தில் இட்ட ஓலைகளிலோ ஒன்றுகூட நம் கையில் இல்லை. கணக்குக் காட்டாத வாரியத்தாரை உறவினரோடு சேர்த்துத் தகுதிநீக்கம் செய்த அவ்விதிகளில், பேக்கப் எடுக்காதவருக்குத் தண்டனை ஏதும் காணப்படவில்லை. அது பிற்கால ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடைவெளி.

இக்கட்டுரையை ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் வாசிக்கும் அன்பர்கள், உடனே எழுந்து ஒரு வெளி ஹார்ட்டிஸ்கைத் தேடி எடுத்துச் செருகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.