பட்டிப்பொல வானியலாளர் கவனத்துக்கு

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல: 1,891 மீட்டர். நட்சத்திரங்களுக்கு இவ்வளவு கிட்ட வந்த குடும்பம் தொலைநோக்கி வாங்காதிருப்பது அநியாயம். பெட்டியில் '675 மடங்கு' என்று அச்சடித்ததையே வாங்குங்கள். 60 மில்லிமீட்டர் வில்லைக்கு 120 மடங்குதான் உச்சம் என்பவர்கள் பொறாமைக்காரர்கள். முக்காலி நடுங்குமாம். நடுங்கட்டுமே, இந்தக் குளிரில் எதுதான் நடுங்கவில்லை? நிலா ஆடினால் ஒரே விலைக்கு இரண்டு நிலா. தாத்தா முதல் பேத்தி வரை லயத்து வாசலில் வரிசையாக நின்று, 675 மடங்கு பெரிதாக்கிய பனிமூட்டத்தைக் கண்டு களிக்கலாம்.

பனி விலகிய இரவில்தான் ஒரு துரோகம் நடக்கும். பக்கத்து லயத்துப் பாட்டி, 10 மடங்கு பைனாகுலரைச் சுவரில் ஊன்றி, வியாழனின் நாலு நிலாக்களையும் எண்ணிவிடுவார்.

மனம் தளராதீர்கள். பெட்டியை மட்டும் பத்திரமாக வையுங்கள். 675 அதில்தான் தெளிவாகத் தெரியும்.